எட்டு போடுவதற்கு முன்னும் பின்னும்

காரைக்காலுக்கு மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். மாவட்டத்தின் மொத்தப் பரப்பே சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர் வந்துவிடும். வடக்கே பூவத்தையும் நண்டலாற்றையும் கடந்தால் தரங்கம்பாடி. வண்டியை எடுத்து அரை மணி நேரம் ஓட்டினால், கடல் இல்லாத எந்தத் திசையிலும் வேறொரு மாநிலத்துக்குள் போய்விடலாம். எண் பலகையில் பி.ஒய். 02 என்று இருக்கும். லைசென்ஸ் கொடுப்பது புதுச்சேரி அரசின் போக்குவரத்துத் துறை. அது செல்லுபடியாவது இந்தியா முழுக்க. ஆகவே இங்கே தேர்வில் தேறும் பதினெட்டு வயதுப் பெண்ணோ பையனோ மறுநாளே தேசிய நெடுஞ்சாலை 32-இல் கீழவாஞ்சூர் துறைமுகத்து நிலக்கரி லாரிக்குப் பக்கத்தில் ஓட்டவேண்டி வரலாம். தேர்வுக்குத் தயாராவது என்றால் அந்த மறுநாளுக்கும் சேர்த்துத் தயாராவதுதான்.

ஆனால் ஊரில் பெரும்பாலும் காதில் விழுவது ஒரே கேள்வி: "எட்டு போட வருமா?"

எட்டு வடிவத்தில் ஓட்டுவது முக்கியம்தான். காலைத் தரையில் ஊன்றாமல், கோட்டை விட்டு வெளியே போகாமல், மெதுவாக ஒரு வண்டியைத் திருப்ப முடிகிறதா என்பதை அது ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். வேகமாகப் போகிற வண்டி தானே நிமிர்ந்து நிற்கும். மெதுவாகப் போகும்போதுதான் ஓட்டுபவரின் பிடிமானம் தெரியும். தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தையே குனிந்து பார்க்கிறார்கள். பார்வை அடுத்த வளைவில் இருக்க வேண்டும். தலை திரும்புகிற பக்கம் உடம்பும் வண்டியும் தானே திரும்பும். கியர் வண்டி என்றால் ஹாஃப் கிளட்ச்சில் வைத்து, ஆக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடித்து, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் குறைக்க வேண்டும். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும் நேரத்தில் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி சாய்ந்துவிடும். ஸ்கூட்டரில் கிளட்ச் இல்லாததால் பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடியே ஓட்டுவது நல்லது. இன்னொன்றையும் முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் தேர்வு கொடுத்தால் அந்த வகைக்கு மட்டுமே லைசென்ஸ் கிடைக்கும். கியர் பைக்கில் தேறியவருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தனியாகத் தேர்வு தேவையில்லை.

சட்டம் கேட்பது எட்டோடு முடிவதில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதியைப் படித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கண்ணாடியைச் சரிசெய்வதிலிருந்து பட்டியல் தொடங்குகிறது. குலுங்காமல் கிளப்பி டாப் கியர் வரை போவது, தேவைப்பட்டால் சட்டென்று கியரைக் குறைப்பது, முந்துவது, முந்துகிறவருக்கு வழிவிடுவது, கையாலோ இண்டிகேட்டராலோ உரிய நேரத்தில் சைகை காட்டுவது, குறுகிய இடத்துக்குள் ரிவர்ஸில் நுழைவது, நடந்து கடப்பவர்களிடம் சரியாக நடந்துகொள்வது என்று அது நீளும். தேர்வு நாளில் இவை அத்தனையையும் கேட்பார்களா என்று கணக்குப் போடுவதைவிட, அத்தனையையும் பழகிவிட்டுப் போவது எளிது. டிரைவிங் ஸ்கூலில் கார் பழகுபவருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் ஸ்டியரிங் கையில் இருக்கும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது என்றும் விதி சொல்கிறது. அந்தப் பத்து மணி நேரத்தைக் கேட்டு வாங்குவது மாணவரின் உரிமை.

அந்தப் பட்டியலில் காரைக்காலுக்கென்றே சிக்கலான ஒரு வரி இருக்கிறது. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளவிடாமல் மறுபடி கிளப்ப வேண்டும். காவிரி டெல்டாவின் கடைசித் துண்டில், தரை முழுக்கத் தட்டையாகக் கிடக்கும் ஊரில், ஏற்றத்துக்கு எங்கே போவது? இங்கே இருக்கும் மேடெல்லாம் பாலங்கள்தான். அரசலாறு, திருமலைராஜனாறு என்று ஆறுகளுக்குக் குறைவில்லை. நெடுஞ்சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பழகுவது ஆபத்து. அதைச் செய்யவே கூடாது. உள்ளூர் வாய்க்கால் பாலங்களுக்கு ஏறும் சின்னச் சரிவுகளில், காலையில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது, மாஸ்டர் பக்கத்தில் இருக்கப் பழகலாம். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டு, இன்ஜின் சத்தம் கனத்து வண்டியின் முகம் லேசாக உயரும்போது ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். அந்த நொடியைக் காதும் காலும் பழகிக்கொண்டால் பிறகு மறக்காது.

மீதிப் பாடத்தை ஊரே நடத்துகிறது. சனிக்கிழமை திருநள்ளாறு சாலையில் போனால் வெளியூர் பஸ்களும் வேன்களும், வழி தெரியாமல் திடீரென்று நிற்கும் கார்களும் கண்ணாடியைப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திவிடும். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறும்; செப்டம்பர் 8 வரை திருவிழா. அதையொட்டிக் காவி உடுத்தி நடந்துவரும் கூட்டம் இந்த ஊர் வழியாகத்தான் தெற்கே போகிறது. விடியற்காலையிலும் இரவிலும் சாலையோரமாக நடக்கும் அவர்களைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து இடம் விட்டுப் போகத் தெரிந்தவருக்கு, நடந்து செல்வோர் பற்றிய விதி தனியாகப் படிக்க வேண்டிய பாடம் இல்லை. அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். வைக்கோல் மேல் பிரேக் போட்டால் டயர் வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலோ தண்ணீருக்கடியில் பள்ளம் இருப்பதே தெரியாது.

இதையெல்லாம் பழகுவதற்குத்தான் பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். அதற்கே ஒரு தேர்வு உண்டு. நூற்றுக்கு அறுபது எடுக்க வேண்டும். அடையாளப் பலகைகளை ஒவ்வொன்றாக உருப்போடுவதைவிட வடிவத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது: வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, செவ்வகம் தகவல். நிறுத்தப் பலகைக்கு மட்டும் எட்டு முனை. வழிவிடச் சொல்லும் பலகை தலைகீழ் முக்கோணம். எல்.எல்.ஆர். கையில் வந்தபின் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்தாக ‘எல்’ இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத்தர வேண்டும். பைக்கின் பின்னால் தோழனை ஏற்றிக்கொண்டு சுற்றுவதற்கு அது அனுமதி இல்லை. பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து அவர் குற்றம் செய்தால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. இது கடுமையான சட்டம்தான். ஆனால் 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த எண்ணைப் பார்த்தபின் சட்டம் கடுமையாகத் தோன்றாது.

ஓட்டுகிறவரைச் சோதித்துப் பார்க்கும் யோசனை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களிடமிருந்தே வந்தது. 1893 ஆகஸ்ட் 14 அன்று பாரிஸ் நகரக் காவல்துறை பிறப்பித்த ஆணைதான் உலகில் முதல் ஓட்டுநர் தேர்வைக் கொண்டுவந்தது. பிரிட்டன் தேர்வைக் கட்டாயமாக்க 1935 ஜூன் ஆனது.

தேர்வு நாளன்று அசல் எல்.எல்.ஆர்., வண்டியின் ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் கையில் இருக்கட்டும். இருசக்கர வண்டி என்றால் ஹெல்மெட்டும் வேண்டும். பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன் வேலை செய்கின்றனவா என்று முதல் நாள் மாலையே பார்த்துவிட வேண்டும். பழகிய வண்டியையே கொண்டுபோவது நல்லது. புது வண்டியின் கிளட்ச் பிடிக்கும் இடம் காலுக்குத் தெரியாது. காரில் ஏறியதும் சீட், கண்ணாடி, சீட் பெல்ட் என்ற வரிசை மாறக் கூடாது. பதற்றத்தில் வண்டி ஆஃப் ஆகிவிட்டால் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியைப் பார்த்து, மறுபடி கிளப்பினால் போதும். அதிகாரி சொன்னது புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம். அதில் தவறே இல்லை.

தேதியை எப்போது வைத்துக்கொள்வது என்பதிலும் யோசனை வேண்டும். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆன பிறகே தேர்வுக்குப் போக முடியும், எல்.எல்.ஆரின் ஆயுள் ஆறு மாதம். தேறாவிட்டால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறையும் தேறாவிட்டால் 60 நாள் காத்திருக்க வேண்டும், திருத்தப் பயிற்சியும் முடிக்க வேண்டும். ஐந்தாவது மாதக் கடைசியில் முதல் தேர்வுக்குப் போகிறவருக்கு இந்த வாய்ப்புகளுக்கெல்லாம் நாள் போதாது, புது எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்க வேண்டியதாகிவிடும். இரண்டாவது மாத முடிவில் முதல் தேதியை வாங்கிக்கொண்டால், ஒருமுறை தவறினாலும் எந்த இடத்தில் தவறியது என்று அதிகாரியிடம் கேட்டு, அதை மட்டும் ஒரு வாரம் பழகிவிட்டு வர அவகாசம் இருக்கும்.