இடைநிலை என்பது இறுதி நாள் அன்று

தமக்குப் புற்றுநோய் என்று தெரிந்த மறுநாள், என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "இணையத்தில் பார்த்தேன் ஐயா, சில மாதங்கள்தானாம். சிகிச்சைக்குச் செலவிடுவதைவிட அந்தப் பணத்தை மகளின் படிப்புக்கு வைத்துவிடலாமே" என்றார். அவர் பார்த்தது 'இடைநிலை உயிர்வாழ்வுக் காலம்' என்ற எண்ணை. வகுப்பறையில் நான் அவருக்குக் கற்பித்த அதே இடைநிலைதான்.

நோயாளிகள் நூறு பேரை, அவர்கள் வாழ்ந்த காலத்தின்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் காலமே இடைநிலை. பாதிப் பேர் அதற்குள் இறந்தனர். மறுபாதியினர் அதைக் கடந்து வாழ்ந்தனர். எவ்வளவு கடந்து என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஒரு தெருவில் நடுவீட்டின் மாத வருமானம் 20,000 ரூபாய் என்று கொள்வோம். ஏழை வீட்டின் வருமானம் சுழியத்துக்குக் கீழே போகாது. செல்வர் வீட்டு வருமானமோ பல லட்சங்களாகவும் இருக்கலாம். உயிர்வாழ்வுக் காலமும் பெரும்பாலும் இவ்வாறே ஒருபுறமாக நீள்கிறது.

அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982-இல் வயிற்றுப் பகுதியில் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. இடைநிலை எட்டு மாதங்கள் என்றன மருத்துவ நூல்கள். அதிர்ந்துபோன அவர், பின்னர் தம் வயது, நோய் கண்டறியப்பட்ட கட்டம், கிடைக்கும் சிகிச்சை ஆகியவற்றைக் கொண்டு அந்த வரிசையில் தமக்குரிய இடம் எதுவாக இருக்கக்கூடும் என்று ஆராய்ந்தார். 1985-இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். 2002-இல் அவர் காலமானது வேறொரு புற்றுநோயால்.

கூல்டின் வாழ்வு மற்றவர்களுக்கு உறுதிமொழி ஆகாது. முன்பாதியில் நின்றவர்களும் மனிதர்களே. துணிவில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் பெரும்பாலும், குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு முன் நோய் கண்டறியப்பட்டவர்களின் கணக்கு. அதன்பின் வந்த மருந்துகளின் பயன் அதில் முழுமையாக இராது.

எனவே, "எத்தனை மாதம்?" என்பதோடு நிறுத்தாமல், "இந்தக் கணக்கு எந்த வயதினருடையது? நோயின் எந்தக் கட்டத்தினருடையது? எந்தச் சிகிச்சை பெற்றவர்களுடையது? நெடுங்காலம் வாழ்ந்தோர் நூற்றுக்கு எத்தனை பேர்?" என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். என் மாணவரிடமும் இதைத்தான் சொன்னேன். முடிவு அவருடையது. மகளின் படிப்பும் சிகிச்சையும் எதிரெதிர்த் தட்டுகளில் நிற்கும்போது, தராசில் வைக்கும் எண்ணின் பொருளையாவது அவர் சரியாக அறிந்திருக்க வேண்டும்.