மரமா, மஞ்சளா?

திருகோணமலை மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழ்கின்றனர். ஆயினும் மூதூரிலோ வெருகலிலோ படிக்கும் பிள்ளைக்கு இரண்டாம் மொழிச் சிங்களம் புத்தகத்தோடு நின்றுவிட்டால் பயன் குறைவே. 'கஹ' என்று தமிழில் எழுதிப் படிக்கும் பிள்ளை எதைச் சொல்கிறது? 'கடல்' என்பதன் ககரம்போல் ஒலித்தால் மஞ்சள். 'அங்கே' என்பதன் ககரம்போல் ஒலித்தால் மரம். சிங்களத்தில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்துக்கள் உண்டு, எமக்கோ ஓரெழுத்தே. காதால் கேட்டாலன்றி இது தெளியாது. சந்தையிலும் வைத்தியசாலையிலும் பிள்ளைக்குத் தேவைப்படுவது இந்தத் தெளிவுதான்.

இதற்கு இணையம் கைகொடுக்கும். கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' மும்மொழிகளிலும் பாடங்களைத் தருகிறது. அரச பாடநூல்களையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்துக்குப் பிரிட்டிஷ் கவுன்சிலின் கேட்டல் பயிற்சிகள் உள்ளன.

ஆனால், கொரோனாவால் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நாட்டின் பல கிராமங்களில் பிள்ளைகள் சிக்னல் தேடி மரமேறியதை நாம் மறக்கவில்லை. பிள்ளைகளே தேடிக்கொள்ளட்டும் என்று விடுவது நியாயமல்ல. நகருக்கு வரும் ஆசிரியர் ஒருமுறை இறக்கிப் பென்ட்ரைவில் கொண்டுசென்றால், வகுப்புக்குச் சிறியதொரு ஒலிபெருக்கி போதும். பத்து நிமிடம் கேட்கவைத்து, திருப்பிச் சொல்லவைக்கலாம். சிங்களம் பேசும் அயலவரின் குரலை, அவரது சம்மதத்துடன், கைத்தொலைபேசியில் பதிந்து போட்டுக்காட்டினால் இன்னும் நன்று. அந்த ஊர்ப் பேச்சை இணையத்தில் தேடிப் பிடிப்பது கடினம்.