கொள்ளைக்காரனை வீழ்த்த எத்தனை வெட்டு?

கணிப்பொறி விளையாட்டுகளில் 'திறந்த உலகம்' என்று ஒரு வகை உண்டு. திரையில் ஒரு நாடே விரிந்து கிடக்கும். மலை, காடு, பாழடைந்த கோட்டை என்று எந்தத் திசையிலும் உங்கள் வீரன் நடந்து போகலாம். வழியில் ஓநாய் பாயும், கொள்ளைக்காரன் வாளை உருவுவான், சண்டை மூளும்.

சண்டை எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதை இவற்றில் பலவற்றில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கடினத்தைக் கூட்டினால் எதிரிக்கு மூளை வளர்ந்துவிடுகிறதா? புதிய தந்திரங்களைக் கற்றுக்கொள்கிறானா? பல விளையாட்டுகளில் அப்படி எதுவும் நடப்பதில்லை. உள்ளே நடப்பது உங்களுக்கு நன்கு தெரிந்த பெருக்கல் கணக்குதான்!

இரண்டு எண்கள்

அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 2011-இல் வெளியிட்ட 'ஸ்கைரிம்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். இதில் தொடக்கத்தில் வீரனின் உயிர்ப்பலம் 100. எதிரிக்கும் 100 என்றும், இருவரின் ஒவ்வொரு வெட்டும் 20 புள்ளிகளைக் குறைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம்.

நடுத்தரப் படியின் பெயர் 'அடெப்ட்'. இதில் எந்த மாற்றமும் இல்லை. நீங்கள் 5 வெட்டில் வெல்லலாம். எதிரிக்கும் 5 வெட்டு வேண்டும்.

மிக எளிய படி 'நோவிஸ்'. இங்கே உங்கள் வெட்டு இரு மடங்கு. எதிரியின் வெட்டு பாதி. உங்களுக்கு 3 வெட்டு போதும். எதிரிக்கு 10 வேண்டும்.

மிகக் கடினமான படி 'லெஜண்டரி'. இது 2013-இல் சேர்க்கப்பட்டது. உங்கள் வெட்டு கால் பங்காகும். எதிரியின் வெட்டு மூன்று மடங்காகும். அதாவது 20 என்பது உங்களுக்கு 5, அவனுக்கு 60. இப்போது உங்களுக்கு 20 வெட்டு வேண்டும். அவனுக்கு இரண்டே வெட்டு!

கொள்ளைக்காரன் அதே ஆள்தான். வாளும் அதே வாள்தான். மாறியவை இரண்டு எண்கள் மட்டுமே.

தேர்வில் 5 கணக்குகளுக்குப் பதிலாக அதே மாதிரியான 20 கணக்குகளைக் கொடுத்தால் வினாத்தாள் கடினமாகிவிட்டது என்போமா? நீளமாகிவிட்டது என்போம், அல்லவா? சண்டையும் அப்படித்தான்.

இன்னொரு விளைவும் உண்டு. எதிரியைச் சில நொடிகள் அசையாமல் நிறுத்தும் மந்திரம் ஸ்கைரிமில் இருக்கிறது. அது உயிர்ப்பலத்தைக் குறைப்பதில்லை. எனவே கால் பங்கு விதி அதைத் தொடாது. கடினம் கூடக் கூட வாள் மழுங்குகிறது; மந்திரம் மழுங்குவதில்லை. வாள் வீரனுக்கும் மந்திரவாதிக்கும் இடையே இருந்த சமநிலை குலைந்துவிடுகிறது.

தானியங்கி இஸ்திரிப் பெட்டி

வீரன் வளர வளரச் சண்டை எளிதாகிவிடாதா? இதற்கும் ஒரு வழி கண்டார்கள். அதே நிறுவனம் 2006-இல் வெளியிட்ட 'ஒப்லிவியன்' விளையாட்டில் வீரன் வளரும்போது எதிரிகளும் கூடவே வளர்ந்தார்கள்.

தானியங்கி இஸ்திரிப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். சூடு மிகுந்தால் மின்சாரம் நிற்கும். சூடு குறைந்தால் மீண்டும் பாயும். வெப்பம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். ஒப்லிவியனிலும் கடினம் இவ்வாறே ஒரே அளவில் நிறுத்தப்பட்டது.

விளைவு என்ன? பயணிகளை வழிமறித்து 100 பொற்காசு கேட்கும் சாதாரணத் திருடன்கூட, பிற்காலத்தில் விலையுயர்ந்த கவசம் அணிந்து வந்தான்! அந்தக் கவசத்தை விற்றாலே அவன் சுகமாக வாழலாமே என்று விளையாடியவர்கள் சிரித்தார்கள். சிரிப்புக்குப் பின்னால் ஒரு குறையும் இருந்தது. எவ்வளவு பாடுபட்டு வளர்ந்தாலும் வளர்ந்ததாகத் தோன்றவில்லை.

ஸ்கைரிமில் இதைத் திருத்தினார்கள். எதிரிகள் பலர் இதிலும் வளர்வார்கள். ஆனால் பல இடங்களுக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை உண்டு. சமவெளியில் திரியும் ராட்சதன் எப்போதும் 32-ஆம் நிலையிலேயே இருப்பான். முதல் நாள் அவனிடம் சிக்கினால் ஒரே அடியில் வானத்தில் பறப்பீர்கள். பல நாள் கழித்துத் திரும்பி வந்து அவனையே வீழ்த்தலாம். உங்கள் வளர்ச்சியை அளக்க அவன் ஓர் அளவுகோல்!

எந்தப் படி உங்களுக்கு?

தோற்ற பிறகு, "எதை மாற்றிச் செய்திருக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். தெளிவான விடை கிடைத்தால் படி சரியானது. "இன்னும் பத்து வெட்டு வெட்டியிருக்க வேண்டும்" என்பது மட்டுமே விடை என்றால், ஒரு படி இறங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீங்களே கணக்கிடுங்கள்: 'எக்ஸ்பர்ட்' படியில் உங்கள் வெட்டு முக்கால் பங்கு, எதிரியின் வெட்டு ஒன்றரை மடங்கு. யாருக்கு எத்தனை வெட்டு வேண்டும்?

(விடை: உங்களுக்கு 7, எதிரிக்கு 4.)