104 மீட்டர் ஏணி உங்க தெருவுக்கு வருமா?

தமிழ்நாடு தீயணைப்புத் துறையிடம் 104 மீட்டர் எட்டுற ஸ்கைலிஃப்ட் இருக்கு. பின்லாந்து கம்பெனி ப்ரான்டோ தயாரிப்பு. அப்போ எந்த மாடியில தீப்பிடிச்சாலும் கவலை இல்லைன்னு நினைக்காதீங்க. 104 என்பது கிட்டத்தட்ட நேரா நிமிர்ந்து நின்றால் கிடைக்கிற உயரம். பக்கவாட்டில் நீள நீள கதையே மாறும்.

ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்தான். கூண்டில் ரெண்டு பேர், கருவிகளோடு 200 கிலோன்னு வைங்க. வண்டியிலிருந்து 10 மீட்டர் தள்ளிப் போனால் கவிழ்க்கிற மொமென்ட் 2,000 கிலோ-மீட்டர். 20 மீட்டர் போனால் இரண்டு மடங்கு. பூமோட சொந்த எடை தனி. இதைத் தாங்க வண்டி கனமாகணும், ஜாக் கால்கள் அகலமா விரியணும். ஜெர்மனியில் ஏணியின் பெயரிலேயே இதைச் சொல்லிடுறாங்க: 23/12 என்றால், 12 மீட்டர் தள்ளி நின்று 23 மீட்டர் உயரம் எட்டும். நான் பார்த்ததிலேயே நேர்மையான ஸ்பெக் இதுதான்.

இப்போ சேலையூர், சிட்லபாக்கம் உள் தெருக்களை நினைச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் கார், மேலே ஈபி ஒயர். ஜாக் விரிக்க இடம் எங்கே? தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 உயரக் கட்டடங்களைச் சுற்றி 6 மீட்டர் வழியும், 45 டன் தாங்குற தரையும் கேட்குது. கீழே பேஸ்மென்ட் பார்க்கிங் இருந்தால் அந்த ஸ்லாபும் இதைத் தாங்கணும். ஆனா கேட்டுக்கு வெளியே தெரு பழைய தெருதான்.

தமிழ்நாட்டு விதிப்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயரக் கட்டடம். தாம்பரம் பக்கத்து ஃப்ளாட்களில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கும். அங்கே 23/12 மாதிரி சின்ன சுழல் ஏணி போதும்: எடை குறைவு, சீக்கிரம் நிமிரும், ஆட்கள் வரிசையா இறங்கலாம். மடங்குற கை கொண்ட பிளாட்ஃபார்ம் மாதிரி பாராபெட்டைத் தாண்டி வளைஞ்சு உள்ளே போக எல்லா ஏணியாலும் முடியாது. பரவாயில்லை. முனையில மாட்டி நிற்கிற 104-ஐ விட, வாசல் வரைக்கும் வர்ற ஏணியைத்தான் நான் கேட்பேன்.