மணல் நின்ற இடமும் கரை தேய்ந்த இடமும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள கரையைப் பலரும் ஆலைகளின் வரிசையாகவே அறிந்திருக்கிறார்கள். ஆனால் அந்த வட்டாரத்தைப் புரிந்துகொள்ள மணலையும் ஆற்றையும் பின்தொடர வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் கரையோரமாக மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக்காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பினாலும், ஆண்டு முழுவதும் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1876இல் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே சுவராக நின்றது. தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. மணல் வந்து சேராத ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. நகரம் காற்று வாங்கும் அகன்ற மணல்வெளிக்கும், வடக்கே கருங்கல் கொட்டிக் காக்கப்படும் குப்பங்களுக்கும் காரணம் ஒன்றே. கல் கொட்டினால் அந்த இடம் தப்பும். அரிப்பு அதற்கு வடக்கேயுள்ள குப்பத்துக்கு நகரும். துறைமுகத்தால் நகரம் செழித்தது உண்மை. அதற்கான விலையை வடகரை மட்டும் கொடுத்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

ஆலைகள் வெற்று நிலத்தில் வந்தவை, வேலை கொடுத்தவை என்று சொல்பவர்கள் உண்டு. வேலை கொடுத்ததை யாரும் மறுக்க முடியாது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியது. 1948க்குப் பின் எண்ணூரில் லாரி ஆலை, 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை என்று தலைமுறைகள் பிழைத்த தொழில்கள் வளர்ந்தன. ஆனால் நிலம் வெற்றாக இருக்கவில்லை. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயில் தேவாரப் பாடல் பெற்றது. அதன் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. பட்டினத்தார் அடங்கிய இடமாக மக்கள் வணங்குவதும் இவ்வூரைத்தான். கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் எண்ணூர்க் கழிமுகத்திலோ தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் போன்ற ஊர்கள் இறாலையும் நண்டையும் நம்பி வாழ்ந்தன. அலையாத்தி மரங்களும் உப்பளங்களும் சேறும் வரைபடத்தில் காலியிடமாகத் தெரியலாம். மீன் குஞ்சுகள் வளர்வது அந்தச் சேற்றில்தான்.

எனவே ஆலை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. ஆற்றின் வாயில் எதைக் கொட்டலாம் என்பதே. அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்களில் கசிந்து கழிமுகத்தை மேடாக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து வலைகளிலும் படகுகளிலும் படிந்தது. இதை மீனவர் பிரச்சினை என்று ஒதுக்குவது தவறு. பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பித் திறக்கும் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடலைச் சேர வேண்டும். வாய் தூர்ந்தால் அந்தத் தண்ணீர் மணலி புதுநகர் வீடுகளுக்குள் நிற்கும்; 2021லும் 2023லும் அப்படித்தான் நின்றது.