மூத்த வயதில் ஒரு சின்ன வண்டி

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏறி அமர்ந்தால் வீட்டில் இருப்போர் அஞ்சுகின்றனர். வீதியில் நிற்போர் சற்றே நகைக்கின்றனர். இரண்டுக்கும் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் வண்டியில் அமர்ந்திருப்பவர் பெறும் மகிழ்ச்சியைப் பற்றி அவரிடம் எவரும் கேட்பதில்லை. நானும் ஐம்பதைக் கடந்தவன், 100 சி.சி. வண்டி ஒன்றைப் பல்லாண்டுகளாக ஓட்டி வருபவன். ஆகவே இவ்வழக்கில் நான் நடுவன் அல்லன், சாட்சி மட்டுமே என்பதை வாசக அன்பர்கள் முதலிலேயே அறிந்துகொள்வது நலம்.

மண்டவெளிப் பக்கத்தில் எங்கள் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் உண்டு. அரசு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வயது 68. இளமையில் வாங்கிய புல்லட்டை அவர் விடவே இல்லை. பழைய புல்லட்டைக் கிளப்புவது ஒரு சடங்கு போன்றது என்பதை அதை ஓட்டியவர்கள் அறிவார்கள். கைப்பிடியருகே உள்ள சிறு நெம்பை அழுத்தி, விளக்கருகே உள்ள அம்மீட்டர் முள் நடுவே வருவதைப் பார்த்து, பிறகு நிதானமாக உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் உதைக்கட்டை திருப்பி அடிக்கும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். 1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர என்ஃபீல்டு நிறுவனத்தாரும் கூடி, நம் நகரின் வட எல்லையான திருவொற்றியூரில் தொடங்கிய தொழிலின் பயன் அவ்வண்டி. நம் இராணுவத்தார் எல்லைக் காவலுக்கென அதை விரும்பிக் கேட்டதே அதற்குத் தொடக்கம். அதன் ஓசை கேட்டாலே தெருவில் விலகி நிற்போர் அக்காலத்தில் இருந்தனர்.

ஒருநாள் அப்பெரியவர் தம் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தும்போது சாய்ந்து விழுந்தார். காயம் பெரிதல்ல. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் மக்களுக்குச் செய்தி எட்டிவிட்டது. வண்டியை உடனே விற்றுவிட வேண்டும், வெளியே போக வேண்டுமானால் தொலைபேசியில் வாடகைக் கார் அழைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் கண்டிப்பாகச் சொன்னார்கள். மனைவியார் இரு பக்கமும் பேச இயலாமல் பங்கு இல்லத்துக்கு வந்தார். பின்னாலேயே பெரியவரும் வந்தார். “ஃபாதர், பணத்தைப் பற்றிய பேச்சு இல்லை இது. கார் வரும் வரை வாசலில் கைகட்டி நிற்க வேண்டுமே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை” என்றார்.

இச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. பிள்ளைகளின் அச்சம் அன்பினால் வருவது. ஆயினும் வண்டியின் சாவியை வாங்கி வைக்கும்போது தந்தையிடமிருந்து வேறொன்றையும் நாம் வாங்கி விடுகிறோம். காலையில் எழுந்து, எவரையும் கேளாமல், லஸ் முனைக்குப் போய் நாளிதழும் காப்பித் தூளும் வாங்கி வரும் உரிமை அது. இளைஞனுக்கு அது அற்பம். எழுபதை நெருங்குபவருக்கோ அன்றைய பொழுதே அதுதான்.

சின்ன வண்டியின் இன்பம் வேகத்தில் இல்லை. மயிலாப்பூர் மாட வீதிகளில் வேகமாகப் போக எவராலும் முடியாது, போகவும் கூடாது. கச்சேரி சாலையில் காப்பிக்கொட்டை வறுபடும் மணம், பூக்கடைகளின் மணம், சாந்தோம் நெடுஞ்சாலையில் பேராலயத்தைத் தாண்டும்போது பிற்பகலில் முகத்தில் மோதும் கடற்காற்று, அடையாற்றுப் பாலத்தின் மேல் ஏறியவுடன் சட்டையை உப்பச் செய்யும் ஆற்றுக்காற்று: இவை யாவும் காரின் கண்ணாடிக்குள் இருப்பவருக்குக் கிட்டுவதில்லை. வழியில் தெரிந்தவரைக் கண்டால் காலூன்றி நின்று இரண்டு வார்த்தை பேசலாம். தியாகராய நகரில் பாண்டி பஜார் நடைபாதைகள் 2019-இல் அகலமாக்கப்பட்ட பின்னரும், காரை எங்கே நிறுத்துவது என்று கவலையோடு சுற்றுவோரைக் காண்கிறோம். சின்ன வண்டிக்காரருக்கு அக்கவலை மிகக் குறைவு. பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணித் திருவிழா நாட்களில் கார்கள் நெடுந்தொலைவில் நின்றுவிடும்போது, இவர் இன்னும் சற்று அருகே போய் இறங்குவார். மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் எனக்கு, நொச்சிக்குப்பத்துச் சந்துகளில் வேறெந்த வண்டி உதவும்?

ஆனால் எந்த வண்டி என்பதே கேள்வி. இரு சக்கரம் ஓடும் வேகத்தில்தான் எளிதாக நிமிர்ந்து நிற்கும். வேகம் குறையக் குறைய நிமிர்த்தும் பொறுப்பு ஓட்டுபவரின் இடுப்புக்கும் முழங்காலுக்கும் வருகிறது. முதியவர்கள் நெடுஞ்சாலையில் விழுவதைவிட, வாசலில் திருப்பும்போதும் ஸ்டாண்டு போடும்போதும் விழுவதையே நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன். இன்றைய புல்லட் 350 ஏறத்தாழ 195 கிலோ எடை. பழையது அதைவிடச் சற்றே இலேசு, அவ்வளவே. டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வண்டியோ 90 கிலோவுக்கும் குறைவு. கிளட்ச் பிடிக்கவும் கியர் மாற்றவும் வேண்டியதில்லை. 1980-இல் ஓசூரில் செய்யப்பட்டு, இருவர் அமரும் மொபெட் என்று பெயர் பெற்ற டி.வி.எஸ். 50-இன் வழி வந்தது அது. அந்நாளில் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும், நீலப்புகை வரும். 2015-இல் நான்கு வீச்சு எஞ்சின் வந்து அத்தொல்லை தீர்ந்தது. அத்துடன், 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையுள்ள புதிய வண்டிகளில் ஒரு பிரேக்கை அழுத்தினால் இரு சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பின் பிரேக்கை மட்டுமே நம்பிப் பழகிய நம் தலைமுறைக்கு அது பெரிய உதவி.

சட்டம் முதியவர்களைத் தடுக்கவில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 50 முதல் 55 வயதுக்குள் உரிமத்தைப் புதுப்பிப்பவருக்கு 60 வயது வரை அது செல்லும். 55-க்குப் பின் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 40 வயதுக்கு மேற்பட்டோர் மருத்துவச் சான்றும் தர வேண்டும். இச்சான்றில் ஆளின் முகத்தைக்கூடப் பாராமல் கையொப்பமிடும் மருத்துவர்கள் உண்டு. அப்படிப்பட்டவரைத் தேடிப் போகாதீர்கள். கண்புரை தொடங்கியவருக்கு எதிரே வரும் விளக்கு ஒளி சிதறித் தெரியும்; கழுத்து திரும்பாதவருக்குப் பின்னே வரும் பேருந்து தெரியாது. மெட்ரோ பணிக்காகச் சாலைகள் நாளொரு திசையில் திருப்பிவிடப்பட்ட நம் பகுதிகளில் இவை சிறு குறைகள் அல்ல. தலைக்கவசத்தைப் பற்றி நான் வாதிடப் போவதில்லை. 2015 ஜூலை முதல் உயர் நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. பின்னால் அமரும் மனைவிக்கும் அது கட்டாயம். பெரும்பாலான கணவன்மார் தமக்கு மட்டும் ஒன்று வாங்குகிறார்கள். இது எனக்குப் புரிவதே இல்லை.

வண்டி ஓட்டுவது மூளைக்கு நல்லது என்றும் ஒரு செய்தி உண்டு. ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் கவாஷிமா, பத்தாண்டுகளுக்கு மேல் வண்டியைத் தொடாத நடுவயது ஆண்களை இரண்டு மாதம் அன்றாடம் ஓட்டச் செய்து, அவர்களின் நினைவாற்றல் மேம்பட்டதாக 2009-இல் அறிவித்தார். அந்த ஆய்வில் யமஹா நிறுவனமும் பங்காளி. ஆகவே இதைப் பாதி நம்பினால் போதும்.

பெரிய வண்டியில்தான் பெருமை என்போர் ஒன்றை நினைவில் கொள்ளலாம். 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கு ஹார்லி டேவிட்சன் வண்டி ஒன்று பரிசாக வந்தது. அவர் அதில் கையொப்பமிட்டு விற்கச் செய்தார். 2014-இல் பாரிஸ் ஏலத்தில் கிடைத்த 2,41,500 யூரோ, உரோமைத் தெர்மினி இரயில் நிலையத்தருகே வீடற்றோருக்கு உணவும் இடமும் தரும் இல்லத்துக்குச் சென்றது.

எங்கள் பெரியவரின் வழக்கு பல நாள் நீண்டது. இறுதியில் அவரே கண் மருத்துவரிடம் சென்றார்; இடக்கண்ணில் புரை நீக்கப்பட்டது. இருட்டிய பின் ஓட்டுவதில்லை, மழையில் எடுப்பதில்லை, அடையாற்றுக்கு அப்பால் போவதில்லை என்று பிள்ளைகளுக்கு வாக்களித்தார். புல்லட்டை இளைஞன் ஒருவனுக்குக் கொடுத்தார். அவன் சைலன்சரை மாற்றித் தெருவையே அதிரச் செய்கிறான் என்பது அவருக்குப் பெரும் வருத்தம். அதற்கு ஈடாக எக்ஸ்.எல். ஒன்று வந்தது. முதல் வாரம் அவர் அதில் கோவிலுக்கு வரவில்லை. கீரைக்காரரும் மீன்காரரும் ஓட்டும் வண்டி அல்லவா அது! மனைவியார்தான் பின்னால் ஏறி உட்கார்ந்து, “கிளம்புங்கள், பூசைக்கு நேரமாகிறது” என்றாராம். பழைய புல்லட்டில் ஏற அவருக்கு மூன்று ஆண்டுகளாகவே முடியாமல் இருந்தது. அதை அவர் எவரிடமும் சொல்லவில்லை.

இப்போது சனிக்கிழமைதோறும் இருவரும் சந்தைக்குப் போகிறார்கள். காய்கறிப் பை முன்னால், அம்மையார் பின்னால். சென்ற மாதம் மாட வீதியில் ஓர் அம்மாள் வண்டியை மறித்து, முன்னால் இருந்த கட்டைக் காட்டி, “முளைக்கீரை என்ன விலைங்க?” என்று கேட்டாராம். வாங்கிய விலைக்கே ஒரு கட்டைக் கொடுத்துவிட்டதாகப் பெரியவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அன்று பகல் வீட்டில் கீரை குறைந்துபோனதைப் பற்றி அம்மையார் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.