இல்லத்தில் சேர்க்கும் முன்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் குழந்தைகள் இல்லங்களுக்குப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்களில் தாய்மார்கள் அதிகம். கணவர் இறந்திருப்பார், அல்லது குடியில் விழுந்து வீட்டைக் கைவிட்டிருப்பார். செங்கல் சூளைக்கோ வெளியூர்க் கட்டட வேலைக்கோ போனால்தான் அடுப்பெரியும். போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மகள் வயதுக்கு வந்துவிட்டால் பயம் இன்னும் கூடும். “ஹோம்ல விட்டா மூணு வேளை சோறும் படிப்புமாச்சும் கெடைக்கும்” என்பது அந்தத் தாயின் கணக்கு. அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

ஆனால், ‘அநாதை இல்லம்’ என்று நாம் பொதுவாக அழைக்கும் இடங்களில் யார் இருக்கிறார்கள் என்பதை இது காட்டுகிறது. நாடு முழுவதும் உள்ள குழந்தைகள் இல்லங்களைக் கணக்கெடுத்து மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-ல் அறிக்கை வெளியிட்டது. 9,589 இல்லங்கள், ஏறத்தாழ 3.7 லட்சம் பிள்ளைகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தாயோ தகப்பனோ இருந்தார். இருவரையும் இழந்த பிள்ளைகள் அதில் பாதிகூட இல்லை. மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 1,647 இல்லங்கள். பெருமைப்படுவதா, கவலைப்படுவதா என்று தெரியாத முதலிடம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன்படி குழந்தையின் இடம் குடும்பம்; வேறு எந்த வழியும் இல்லாதபோதுதான் இல்லம். தாய் கொண்டுவந்து விட்டார், நாங்கள் சேர்த்துக்கொண்டோம் என்று ஓர் இல்லம் சொல்லிவிட முடியாது. பராமரிப்பு தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழு, வீட்டு நிலைமையை விசாரிக்கச் சொல்லி, பிறகுதான் எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கும். பதிவு பெறாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாக 2007-ல் வெளியான ஒரு கட்டுரை உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கின் தீர்ப்பு 2017 மே மாதம்தான் வந்தது. எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்தாக வேண்டும் என்றது நீதிமன்றம்.

வறுமைதான் காரணம் என்றால் பணத்தை வீட்டுக்கே அனுப்பலாமே? அதற்கும் வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவாக ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும், நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம், பெற்றோரை இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க முடியாத பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம். 1098-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். தொண்டு நிறுவனங்கள் அந்தத் தாய்க்கு விண்ணப்பம் எழுதித் தந்து, வருமானச் சான்றிதழுக்காக ஒரு நாள் கூடவே அலைந்தால், அது இல்லத்தில் ஒரு கட்டில் போடுவதைவிடப் பெரிய உதவி.

இதற்காக எல்லா இல்லங்களையும் மூடிவிட முடியாது. வீடே ஆபத்தான பிள்ளைகள் இருக்கிறார்கள். உறவென்று யாருமே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகளுக்கு விடுதிகள் கதவடைத்த காலத்தில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அவ்வை இல்லம். 1949-ல் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்மைனர் தொடங்கிய எஸ்ஓஎஸ் குழந்தைகள் கிராமம் வேறொரு வழியைக் காட்டியது: நீளமான படுக்கை அறைக்குப் பதில் தனித்தனி வீடு, வீட்டுக்கு ஒரு தாய், கூடவே வளரும் சில பிள்ளைகள்.

நல்ல இல்லத்தை எப்படிக் கண்டுகொள்வது? கட்டடத்தைப் பார்த்துக் கண்டுகொள்ள முடியாது. போன வருடம் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள் என்று கேளுங்கள். தாய் வந்து பார்க்க விடுகிறார்களா, பிள்ளைகள் வெளியே உள்ள பள்ளிக்குப் போகிறார்களா, வார்டன் எத்தனை வருடமாக இருக்கிறார் என்றும் கேளுங்கள். பிறந்தநாள் கொண்டாட வரும் நன்கொடையாளருக்காக வீட்டுப்பாடத்தை மூடிவைத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு வாழ்த்துப் பாடி, கேக்கோடு படத்துக்குச் சிரிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்போம். அந்தப் படம் அன்றிரவே ஃபேஸ்புக்கில் ஏறிவிடும். பள்ளியில் கூடப் படிக்கும் பையன் அதைப் பார்ப்பான் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளை அடையாளம் காட்டும் செய்தியும் படமும் வெளியிடுவதைத் தடுக்கும் பிரிவு இளைஞர் நீதிச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம்.

நன்கொடை மிகக் குறைவாக எட்டும் இடம் 18 வயதுக்குப் பிந்தைய காலம். 18 முடிந்த அன்றோடு இல்லத்தில் வளர்ந்தவர் சட்டப்படி குழந்தை இல்லை. கையில் டி.சி., மதிப்பெண் சான்றிதழ், இல்லத்தின் முகவரி அச்சான ஆதார் அட்டை. 21 வயது வரை நிதி உதவி பெறச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனாலும் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக் கட்டணம், தீபாவளி விடுமுறைக்குக் கல்லூரி விடுதியை மூடும்போது தங்க ஓர் இடம், முதல் சம்பளம் வரும்வரை அறை வாடகை என்று தேவைகள் வந்துகொண்டே இருக்கும். இவற்றுக்கெனத் தனியாக நிதி ஒதுக்கியிருக்கிறீர்களா என்று இல்லத்தில் கேட்டுவிட்டுக் காசோலை எழுதலாம்.